பாச்சை உருண்டை வெளுத்த கதை

எங்கள் வீட்டில் பட்டு இருக்கும் இடத்தில் எல்லாம் பாச்சை உருண்டையும் இருக்கும். பூச்சி அண்டாமலிருக்க அலமாரியில் போட்டு வைப்பது வழக்கம். அதை உருக்கிப் பார்க்கலாம் என்று எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அத்தைக்குத்தான் தோன்றியது.

அத்தை, அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் வளர்த்தார். தறியில் உட்கார்ந்தபடியே மெட்ராஸில் எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்துவிட்டு, தெருவில் யாராவது விசாரித்தால் 'ஏதோ படிக்குதுபா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெருமை வெளியே தெரிந்துவிடக் கூடாதாம். ஆனால் அது ஊருக்கே தெரிந்திருந்தது.

அந்த வருஷம் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அத்தைக்கு இடம் கிடைத்தது. அதே வாரத்தில் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வரனும் வந்தது. வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

"அங்க போயி என்னாதான் செய்வ, சொல்லு" என்றார் அப்பா.

"உலோகத்தைச் சுத்தம் பண்றதுண்ணா."

"பாத்திரம் தேய்க்கவாமா பெங்களூர் போவணும்?"

அம்மா சிரித்துவிட்டாள். அத்தைக்கு மூக்கு சிவந்துவிட்டது. எதிர்வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஜெர்மானியம் என்று ஒன்று இருக்கிறது, அதில் துளி அழுக்கு இருந்தாலும் ரேடியோ ஒழுங்காகப் பாடாது, அலசியும் தேய்த்தும் எடுக்க முடியாத உள்ளழுக்கு அது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பா நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த அழுக்கெல்லாம் தண்ணீரில் போகிற அழுக்கு.

"சரி, காட்டு. என் கண்ணு முன்னால வெளுத்துக் காட்டிட்டன்னா போ" என்றார்.

வீட்டில் ஏது ஜெர்மானியம்? பாச்சை உருண்டைகளைப் பொடித்து உருக்கி, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த ஊதாச் சாயத்தில் ஒரு சிட்டிகை கலந்து, ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அடைத்தாள். ஆறியதும் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு குச்சி. குழாயின் மேல் மின்அடுப்புக் கம்பியை வளையமாகச் சுற்றி, மோட்டார் பட்டறையில் இரவல் வாங்கிய பேட்டரியில் இணைத்தாள். வளையம் இருக்கிற இடத்தில் மட்டும் குச்சி உருகிப் பளபளவென்று நின்றது. வளையத்தை நெல்லளவு நகர்த்தினால் முன்னால் கொஞ்சம் உருகும், பின்னால் கொஞ்சம் இறுகும். இறுகுகிற பக்கம் சாயத்தை உள்ளே சேர்க்காமல் உருகின பக்கமே தள்ளிவிடுமாம். தள்ளிக்கொண்டே போனால் சாயமெல்லாம் குழாயின் மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

குழாயைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அப்பா கொஞ்சம் நெய்து நிமிரும்போதெல்லாம் வளையம் ஒரு நெல்லளவு நகர வேண்டும். அப்பாவே கடிகாரம் ஆகிவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து குழாய்க்கு முன்னால் குந்திக்கொள்வேன். கோடி வரைக்கும் போனதும் அத்தை மின்சாரத்தை நிறுத்தி, வளையத்தை ஆறவைத்து, மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுபோய் வைப்பாள். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் ஊதா இன்னும் கொஞ்சம் வெளிறும். எனக்கு அது சாமி ஊர்வலத்தைவிடப் பெரிய வேடிக்கை.

அப்பாவுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. "அதென்னமா, சும்மா எடுத்துக்கினு போயி முன்னால வெக்கிற. தறியில நாடா போறப்பவும் நூல் போடுது, திரும்பி வர்றப்பவும் நூல் போடுது. வெறுமனே வந்தா பாதி வேலை வீணாச்சே."

"இது நாடா இல்லண்ணா. சூட்டோட திரும்பி வந்தா அழுக்கும் கூடவே வந்துடும். இது ஒரு பக்கமாத்தான் போவணும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

அப்பா தலையாட்டிவிட்டு நாடாவை எறிந்தார்.

வியாழக்கிழமைக்குள் குச்சியில் பாதிக்கு மேல் வெள்ளை. அன்று அத்தை சான்றிதழ் வாங்க மெட்ராஸ் போகவேண்டியிருந்தது. வளையத்தை அப்பாவிடம் ஒப்படைத்து, கோடிக்குப் போனதும் நிறுத்திவிடும்படி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பள்ளி விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வளையம் கோடிக்குப் போய்விட்டது. அப்பா நிறுத்தவில்லை. கொஞ்சம் நெய்தார், வளையத்தை ஒரு நெல்லளவு பின்னால் நகர்த்தினார். மறுபடி நெய்தார், மறுபடி நகர்த்தினார்.

"அத்தை அப்பிடிச் சொல்லலியேப்பா" என்றேன்.

"போனது வரட்டும்" என்றார்.

அத்தை திரும்பி வந்தபோது வெள்ளைப் பாதி முழுக்க ஊதா படர்ந்திருந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நாடா பழக்கம்மா, கை தானா வந்திடுச்சி" என்றார் அப்பா, தறியிலிருந்து நிமிராமல்.

"பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே அவள் அழுதது எனக்குக் கேட்டது. அம்மா அன்றைக்கு அப்பாவுக்குச் சாதத்தைப் போட்டுவிட்டு அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்து நான் எழுந்தபோது எனக்கு முன்பே அப்பா குழாய்க்குப் பக்கத்தில் இருந்தார். வளையம் தொடக்கத்தில் இருந்தது. அவரே நகர்த்திக்கொண்டிருந்தார், முன்பக்கமாக. தரகர் வந்து தறிப்பள்ளத்துக்கு எதிரில் உட்கார்ந்து, ஐயம்பேட்டைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டார்.

"இது வெளுக்கட்டும்பா" என்று அப்பா குழாயைக் காட்டினார்.

தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனவர் அப்புறம் வரவேயில்லை.

குச்சி வெளுத்தது. அத்தை குழாயை உடைத்து, கறுத்துக் கிடந்த கோடியை வெட்டி என்னிடம் கொடுத்தாள். வெள்ளைத் துண்டை அப்பா வாங்கிக்கொண்டார். அத்தை பெங்களூர் போனாள், அங்கிருந்து இன்னும் தூரமான ஊர்களுக்குப் போனாள். தீபாவளிக்கு வந்தபோதெல்லாம் விருந்தாளியாகத்தான் வந்தாள்.

அப்பாவுக்கு நாடா புத்தி என்று எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொள்வார். என் மகளை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. கைப்பழக்கம் என்றால் நாடா மாதிரி ஒரே இழுப்பில் வந்திருக்கும். அவரோ பொழுது சாய்கிற வரைக்கும், நெய்கிறதும் நிமிர்கிறதுமாக, ஒவ்வொரு நெல்லாகத் திரும்பக் கொண்டுவந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.