கம்போடியாவில் நாங்கள் கட்டிக் கொடுத்த ஆலயம்

ஓர் ஆலயத்தைக் கட்டிக் கொடுத்தே ஒரு சபையைக் கலைத்துவிட முடியுமா? கம்போடியாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்துவந்த என் அக்காவும் அவள் கணவரும் கோவை விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலையில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கோவையின் கணபதிப் பகுதியிலுள்ள எங்கள் சபையார் மாலையோடு காத்திருந்தார்கள். விடுமுறைக்கு வருகிறார்கள் என்றே அவர்கள் நினைத்தார்கள். இருவரும் இனித் திரும்பிப் போகப்போவதில்லை என்பது எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

அக்கா செவிலியர். மாமா பள்ளி ஆசிரியராக இருந்தவர். கடவுளின் அழைப்பு என்று இருவரும் நம்பியதால் வேலையை விட்டுவிட்டு, எங்கள் சபையின் ஆதரவோடு ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்குப் போனார்கள். அங்கே வீடுகள் உயரமான மரக்கால்களின் மேல் நிற்கும். பகல் வாழ்க்கை முழுவதும் வீட்டுக்கு அடியில்தான் நடக்கும். சமையல், பெரியவர்களும் படுக்கும் தூளி, அரட்டை எல்லாம் அந்த நிழலில்.

முதலில் நெடுங்காலம் எதுவும் நடக்கவில்லை. மொழி பிடிபடவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் மேல் காய்ச்சல். பிறகு அக்கா ஒரு விதவைப் பெண்ணோடு பழகினாள். அந்தப் பெண் தன் வீட்டுக்கு அடியில் அரிசி மாவைப் பிழிந்து இழையிழையாக வேகவைத்து, மீன் குழம்போடு காலை உணவாக விற்பவள். நம் ஊர்ச் சந்தகைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க பண்டம் அது. அக்கா ஒருநாள் எழுந்துபோய் அவளுக்குப் பிழிந்து கொடுத்தாள். அன்று மாலை என்னை அழைத்துப் பேசியபோது அக்காவின் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“சந்தகை புழியத் தெரிஞ்சது எத்தனை நல்லதாப் போச்சு பாரு! நர்சிங் படிச்சதுக்கு இங்க ஒருத்தரும் மதிக்கல கண்ணு. புழிஞ்சதும் எல்லாரும் கை தட்டுறாங்க!”

அங்கிருந்துதான் சபை முளைத்தது. சாப்பிட வந்தவர்கள் ஆறாத புண்ணை அக்காவிடம் காட்டினார்கள். மாமா பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு முடிந்த பின் ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம். விதவை முதலில் ஞானஸ்நானம் பெற்றாள். பின்னர் இன்னும் சிலர். மற்றவர்கள் தூளியில் படுத்தபடியோ, கிண்ணத்தைக் கையில் வைத்தபடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் பசிக்கு வந்தவர், யார் ஜெபத்துக்கு வந்தவர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மங்கல்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்பதை அக்கா உணர்ந்திருந்தாள். அதைக் கோவைக்கு எப்படிச் சொல்லுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் சபையின் மிஷன் கமிட்டிச் செயலாளர் கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். கண்டிப்பும் கண்ணீரும் ஒன்றாகக் கலந்த மனிதர். ஆராதனை முடிந்த ஒரு மதியம் கமிட்டி கூடி, வீடியோ அழைப்பில் அக்காவிடம் பேசியது. நானும் உடனிருந்தேன்.

“ஏனுங் அம்மணி, இன்னும் எத்தனை நாளைக்கு ஊட்டுக்கு அடியில கும்புடறது? மேல ஒருத்தர் தண்ணிய ஊத்துனா உங்க ஆராதனையே நனைஞ்சு போயிருமுங்கோ!” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

“அது எல்லாரும் வந்து போற எடமுங்க அண்ணா. சர்ச்சுன்னு தனியாக் கட்டுனா, எல்லாரும் வருவாங்களான்னு தெரியலீங்க.”

“வராம எங்க போறாங்க? எங்கப்பன் பல்லடத்துக்குப் பக்கம் பண்ணையத்துல கெடந்தவரு. எவனும் அவரை வாசப்படி தாண்ட உட்டதில்ல. நம்ம சர்ச்சைக் கட்டி முடிச்ச அன்னிக்குத்தான், கதவைத் தள்ளிப்போட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு உள்ள போனாரு. அந்தக் கதவ அந்தச் சனத்துக்கும் குடுக்க வேண்டாமுங்களா?”

அங்கிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தன் கதையும்தான். நிலத்தில் கூலிக்கு உழைத்த எங்கள் முன்னோரை ஆலயத்தின் சுவர் வெளியே தள்ளியதில்லை; உள்ளே அழைத்தது. அதனால்தான் உலகத்தில் எல்லா மனிதருக்கும் ஒரு வாசல் தேவைப்படும் என்று நாங்கள் நம்பினோம். அக்கா தலையாட்டிச் சம்மதித்தாள். அந்தத் தந்தையின் பெருமைக்கு எதிராக எதைச் சொல்வது?

கட்டி முடித்த ஆலயத்தின் பிரதிஷ்டைக்குச் சபையிலிருந்து ஒரு குழு போனது. நானும் போனேன். ஓட்டுக்கூரை, வெள்ளைச் சுவர், மேலே சிலுவை. பார்க்க அழகான கட்டடம். கோவை சபையாரின் அன்பளிப்பு என்று இரு மொழிகளில் கல்வெட்டு. செயலாளர் ரிப்பன் வெட்டினார். எங்கள் பெண்கள் கேசரி கிளறினார்கள். ஊர்த்தலைவர் வந்து வாழ்த்திவிட்டு மரியாதையோடு விடைபெற்றார். ஊரே திரண்டிருந்தது; ஆனால் வேலிக்கு வெளியே. கேசரியை வாங்கிக்கொண்டார்கள். வாசலைக் கடந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே. புதிய இடம், கூச்சமாக இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அக்கா மட்டும் வெறுமையாகக் கிடந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூச்சம் தணியவில்லை. தூளியில் படுத்துக் கேட்டவர்கள் இப்போது ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. நுழைவதை ஊர் பார்க்கும். ஒருவர் அக்காவிடம் மனம்விட்டுக் கேட்டாராம்: “நான் அந்தக் கதவுக்குள் போனால், நாளை என் தாய் இறக்கும்போது பிக்குகள் வந்து ஓதுவார்களா? அக்கம்பக்கத்தார் வந்து சோறு வடிப்பார்களா?” யாரும் அவரை மிரட்டவில்லை. அவர் விளைவை எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அக்கா மாதக்கணக்கில் கால்புண்ணுக்கு மருந்திட்டுவந்த முதியவர் ஒருவர் அந்த மழைக்காலத்தில் இறந்தார். பழைய இடத்தில் ஒரு ஞாயிறும் தவறாமல் உட்கார்ந்திருந்தவர். சடங்குக்கு வர வேண்டாம் என்று அவர் வீட்டார் பணிவாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று அக்கா என்னை அழைத்தாள். நெடுநேரம் அழுகைதான்.

“அவரு காலைத் தொடைச்ச கை இது. கடைசியா ஒருக்கா மொகத்தைப் பாக்கக்கூட வேண்டாம்ன்ட்டாங்க கண்ணு.”

மீண்டும் வீட்டுக்கு அடியிலேயே கூடலாமா என்று அக்கா விதவையைக் கேட்டாள். அவள் தலையை அசைத்து மறுத்தாள். இப்போது அவள் கடையும் ஆலயத்தைச் சேர்ந்ததாகவே ஊருக்குத் தெரிந்தது. சாப்பிட வருவோர் ஒவ்வொருவராக வேறு கடைக்கு மாறியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அவள் மாவு பிழியும் மரத்தை மூட்டை கட்டிக்கொண்டு, நகரத்தில் துணி ஆலையில் வேலை செய்யும் மகளிடம் போய்விட்டாள். விசுவாசத்தை அவள் விடவில்லை. ஊரைத்தான் விட வேண்டியிருந்தது. அவள் போன பின் ஆலயத்தில் பாட மாமாவும் அக்காவும் ஓரிருவருமே மிஞ்சினார்கள். கடைசியில் அந்த ஓரிருவரும் வரவில்லை.

விமான நிலையத்தில் மாலை போட்ட செயலாளரிடம் மாமாதான் உண்மையைச் சொன்னார். மறுநாள் அக்காவும் நானும் அவர் பட்டறைக்குப் போனோம். அவர் லேத் மெஷினை நிறுத்திவிட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களை உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை அவருக்கு.

“அந்தச் சனம் என்ன கேட்டுச்சு அம்மணி?”

“ஒண்ணுமே கேக்கலீங்க அண்ணா.”

“அப்ப நான் எங்கப்பனுக்குத்தானே கட்டிப்போட்டேன்,” என்றார்.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து அவரை உட்காரவைத்தாள். அவர் மீது எனக்குக் கோபம் இருந்தது. அது அங்கே நின்றபோது குறையவும் இல்லை, வளரவும் இல்லை. அன்பும் பெருமையும் நன்றியும் சேர்ந்து செய்த ஒரு சேதத்துக்கு யாரைக் குற்றவாளியாக நிறுத்துவது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு எங்கள் சபை, போகும் ஊரின் மக்கள் தாமே கேட்காத எந்தக் கட்டடத்தையும் வெளிநாட்டில் எழுப்புவதில்லை என்று முடிவு செய்தது. செயலாளர் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டார். மாமா பழைய பள்ளிக்கே திரும்பினார். அக்கா காந்திபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறாள். தன் ஊழிய அனுபவத்தைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல அவளை யாரும் அழைப்பதில்லை, அவளும் முன்வருவதில்லை.