ஓரத்தில் கிளம்பிய கீறல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் வண்டிக் கண்ணாடி மாட்டும் கடை வைத்திருந்தேன். கண்ணாடி எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை. வண்டி முதலாளிகள்தான் கொடுத்தார்கள். கீறலுக்கு நெயில் பாலிஷ் தடவிக்கொண்டு வந்தவரும் உண்டு, சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு, "எப்படி என் வேலை?" என்று என்னிடமே கேட்டவரும் உண்டு.

கல் பட்டால் பட்ட இடத்தில் சின்னக் குழி விழும். அதைச் சுற்றி வட்டமாக உடைந்தால் புல்ஸ் ஐ. கோடுகளாகப் பிரிந்தால் ஸ்டார். இவை கொஞ்ச நாள் தாங்கும். குழியே இல்லாமல் ஓரத்திலிருந்து கிளம்புவது எட்ஜ் கிராக். அது தாங்காது. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும், கண்ணாடி முழுக்க ஓடிவிடும்.

மம்சாபுரத்திலிருந்து மில்லுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேனில் அப்படி ஒரு கீறல், ஒரு சாண் நீளம். டிரைவர் ஞானராஜ்தான் முதலாளியைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்.

"அண்ணாச்சி, இது ஓடும். மாத்திருங்க" என்றேன்.

"இம்புட்டுக் கீறலுக்கு முழுக் கண்ணாடியா? வேற ஆளைப் பாரும்" என்றார் முதலாளி. எதிர்க்கடையில் பெரிய ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிக் கீறல் மேல் ஒட்டினார். பூ ஒட்டினால் ஆறிவிடும் புண் என்று நினைப்பு. நான் சிரித்துவிட்டு, "உங்க பாடு" என்று அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து, மாலை ஷிஃப்டுக்கு வரும்போது வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கீறல் டிரைவர் பக்கம்வரை ஓடியது. எதிரே மேற்கு வெயில். கீறலில் பட்டுக் கண் கூச, வேன் வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஞானராஜுக்கு நெற்றியில் தையல்.

மறுநாள் மில் மேனேஜர் வேனைப் பார்க்க வந்தார். கண்ணாடி எப்படி உடைந்தது என்று சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"டிரைவர் லாரியை ஒட்டிப் போனான், கல்லு தெறிச்சிருச்சுன்னு எழுதிக் குடும். நீர் சொன்னா நம்புவாக. எங்கிட்ட ஆறு வேன் இருக்கு, எல்லாக் கண்ணாடியும் உமக்குத்தான்."

ஞானராஜ் காதில் அது விழுந்திருக்க வேண்டும். "அண்ணே, மாத்துங்கன்னு நான் அவர்ட்ட மூணு தடவை சொன்னேன். உங்க கடைக்குக் கூட்டியாந்ததும் நாந்தானே" என்றார். சிரித்துவிட்டுப் போன என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேனேஜர் முன்னால் ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் கீறல் கறுத்துக் கிடந்தது.

"சார், நேத்து உடைஞ்சது பளிச்சுனு இருக்கும். இதுல பழைய அழுக்கு ஏறியிருக்கு. கல்லு பட்ட குழி எங்கயும் இல்ல. நீங்களே தடவிப் பாருங்க."

அவர் ஓரம்வரை விரலால் தடவினார். பிறகு முதலாளியைப் பார்த்து, "பூ நல்லா இருக்கு" என்றார், அவ்வளவுதான். மில்லோடு அவருக்கு இருந்த வேன் ஒப்பந்தம் அன்றே போயிற்று. ஞானராஜை மில் வண்டிக்கே எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளி ஆறு வேனையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்குக் கொண்டுபோனார். நான் கைராசி இல்லாதவன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உடைந்ததைப் பற்றி எழுதித் தரச் சொன்னால் கண்ணாடியைப் பார்த்து எழுதுங்கள், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.