பேச்சு வராதவளுக்கு இங்கிலீஷ் தாள்

தமிழே வாயில் வராத ஒருத்திக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள் என்று என் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். திணித்தவள் கள்ளக்குறிச்சியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண். வாங்கியவன் எட்டாவதோடு ஏட்டைக் கட்டிவைத்த நான். படிக்க வேண்டியவள் என் மனைவி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதைதான்.

நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தபோது அவள் மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் ஒரு மாதத்தில் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு மட்டும் போனது போனதுதான். என்ன கேட்டாலும் ‘ஆ’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த முதல் சில மாதங்களில் வந்தால்தான் பேச்சு, தள்ளிப்போனால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து அவளைக் கூட்டிப்போனேன்.

அந்தத் தாளைச் சொல்ல வேண்டும். வரிசையாகக் குட்டிக் குட்டி இங்கிலீஷ் வார்த்தைகள், எல்லாவற்றுக்கும் கடைசி இரண்டு எழுத்து ஒன்றேதான். பக்கத்தில் தமிழில் அர்த்தம். கேட் என்றால் பூனையாம். எனக்குத் தெரிந்த கேட் சின்னசேலத்து ரயில்வே கேட். மேட் என்றால் பாயாம். எங்களூரில் மேட் என்றால் நூறு நாள் வேலையில் பெயர் எழுதுகிற பெண். ரேட் என்றால் எலி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் தாளைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டேன்.

“ஏம்மா, தமிழே வரல இவளுக்கு. இங்கிலீஷ்ல எலி புடிச்சி இன்னா பண்றது?”

“தமிழ்த் தாளு தீந்துபோச்சுங்க ஐயா. இது கல்வராயன்மலைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குன்னு அடிச்சது. ஒரே முடிவு இருக்கறதால வாய்க்குப் பழகும். அடுத்த வாரம் தமிழ்த் தாளு குடுத்துடறேன்.”

அடுத்த வாரமும் தீர்ந்துதான் இருந்தது. அதற்கடுத்த வாரமும். இரண்டாவது தாளாக நட், கட், ஹட் வந்தது. நட் என்றால் கொட்டை என்று இருந்தது. முப்பது வருஷமாக மோட்டார் கழற்றி மாட்டுகிறவனிடம் போய் இதைச் சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

ஆனாலும் விடவில்லை. காலையில் கஞ்சி குடித்ததும் அவளை எதிரே உட்காரவைத்துவிடுவேன். “சொல்லு, பேட். வௌவாலு. பேட்.” அவள் வாயைத் திறப்பாள். உதடு ஒரு பக்கமாகக் கோணும். ‘ஆ.’ “ஆ இல்ல, பேட்!” மறுபடி ‘ஆ’. எனக்குக் கோபம் தலைக்கேறும். கத்திவிட்டு வரப்புக்குப் போய், அங்கே நின்றுகொண்டு அழுவேன். பிறகு நானே கேட், பேட் என்று முணுமுணுத்தபடி மடை திருப்புவேன். பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, இந்த வயசுல பரீட்சைக்குப் போறியா?” என்றார். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

பார்க்க வருகிறவர்கள் தொல்லை தனி. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “எப்பிடிக்கீற அண்ணி?” என்பார்கள். அவள் வாய் திறப்பதற்குள், “பரவால்ல, ரெண்டு இட்லி துன்னா, தூங்கினா” என்று நான் சொல்லிவிடுவேன். பாவம், அவளால் முடியாதே என்றுதான். பயிற்சியிலும் அப்படித்தான் நடந்தது. அந்தப் பெண் அவளைக் கேட்பாள், பதில் என் வாயிலிருந்து வரும். நாலாவது புதன்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஐயா, நீங்க பேசினே இருந்தா அம்மா எப்பிடிங்க பேசுவாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைக் கேட்டால் புருஷன் பதில் சொல்வது ஒன்றும் புதுசில்லை. ரேஷன் கடையில் நான்தான் சொல்வேன், பேங்கில் நான்தான் சொல்வேன். சங்கராபுரம் ஜவுளிக்கடையில், “அம்மாவுக்கு எந்தக் கலரு?” என்று அவளைத்தான் கேட்பார்கள், மாம்பழ மஞ்சள் என்று நான் சொல்வேன். அவள் தலையாட்டுவாள். முப்பத்தொரு வருஷம் இப்படியே போயிற்று, ஒரு சண்டை உண்டா? இதையெல்லாம் நேற்று முளைத்த பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்த புதன்கிழமையும் தமிழ்த் தாள் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கே சலித்துவிட்டது போலிருக்கிறது. பூனையையும் எலியையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை என் மனைவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அம்மா, இன்னிக்குத் தாளு வேணாம். நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு எந்தச் சாப்பாடு ரொம்பப் புடிக்கும்?”

இதைக்கூடவா கேட்பார்கள்? அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

“கேவுரு களிம்மா. கருவாட்டுக் கொழம்பு. வாரத்துல மூணு நாளு எங்க வூட்ல அதான். அவ்ளோ உசுரு இவளுக்கு.”

பட்டென்று ஒரு சத்தம். என் மனைவி இடது கையால் மேசையை அடித்திருந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. உதடு கோணியது, நேரானது, மறுபடி கோணியது. எழுந்து அவள் தோளைப் பிடிக்கப் போனேன். அந்தப் பெண் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

“புடி… புடிக்… காது.”

ஐயோ, பேசிவிட்டாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாரியாத்தா என்று கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவள் சொன்னது என்ன என்பது உறைத்தது. முப்பத்தொரு வருஷம் களி கிண்டிப் போட்டு, எதிரே உட்கார்ந்து தின்றவள்.

“சூப்பர்ம்மா!” என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, அப்ப எது புடிக்கும்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாதீர்கள் என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் பார்த்திருக்கவே வேண்டாம். எனக்குப் பதில் தெரியாது.