கடுகு வெடித்ததும்

மனைவி ரசம் தாளித்தாள். கடுகு வெடித்ததும் என்னையறியாமல் விசிலடித்துவிட்டேன்.

எண்பதுகளில் சென்னைக் கல்லூரி விடுதியில் எனக்கு அம்மை போட்டது. உத்திரமேரூரிலிருந்து வேப்பிலைக் கட்டோடு வந்த அப்பா, முதலில் நுழைந்தது சமையற்கட்டில்.

"ஆத்தா வந்துகீறா. புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரிக்கும் தாளிக்கக் கூடாது."

"இது ஆஸ்டல், பெரியவரே" என்றார் சமையல்காரர்.

"எம்புள்ள இங்கதான படுத்துக்கினு கீறான்? அப்போ இதான் வூடு."

சமையல்காரருக்கும் ஆத்தாமேல் பயம், தலையாட்டிவிட்டார். தாளிக்காத சாம்பாரைத் தின்ற விடுதியே என்னைத் திட்டியது. "எப்படா குளிப்ப?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சினார்கள்.

எனக்குத் தண்ணீர் ஊற்றிய மத்தியானம் சமையற்கட்டில் கடுகு வெடித்தது. விடுதி மொத்தமும் விசிலடித்தது.

"இன்னாங்க, இந்த வயசுல விசிலு?" என்றாள் மனைவி.

"எனக்கு உடம்பு தேறிடுச்சு" என்றேன்.