கோடு போட்ட இடம்

போதகர் ஜெபகுமாருக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வராது. ஒரகடம் பக்கத்துச் சபையில் பிரசங்கம் செய்துகொண்டே பீடத்துக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்துவிடுவார். எட்டு வருடமாக அவரை அலைக்கழித்தவர், அறுநூறு வருடத்துக்கு முன்பு செத்துப்போன ஓர் ஐரோப்பியத் துறவி. உலகத்தில் தனித்தனி ஆட்கள்தான் உண்டு, இனம், குலம் என்கிற பொதுச்சொல்லெல்லாம் நாமாக வைத்த வெறும் பெயர் என்று சொன்னவர் அவர். இதை வைத்தே ஜாதியின் கதையை முடித்துவிடலாம் என்று நம்பி, நம்மவர் இறையியல் கல்லூரிக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார்.

1991 ஜூனில் சின்னப்பொண்ணு வந்தாள். வயல் கூலி. மகள் செந்தாமரை பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு. தாம்பரத்தில் ஒரு மிஷன் விடுதியில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு ஜாதியைக் குறிப்பிட்டுச் சபைக் கடிதம் வேண்டும். இடம் கிடைத்தால் மேற்படிப்பு, இல்லாவிட்டால் அம்மாவோடு நடவுக்குப் போக வேண்டியதுதான்.

"ஜாதின்னு ஒண்ணு கிடையாதும்மா. அத என் கையால எழுத மாட்டேன்" என்றார் ஜெபகுமார். ஜாதி எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பெண்ணைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினார். அன்றைக்கு அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜாதி எழுதவில்லை என்று விடுதியில் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சின்னப்பொண்ணு அதை அவர் மேசைமேல் வைத்தாள்.

"வெறும் பேருதான்றீங்க. சர்தான். அந்தப் பேருக்குத்தான் டீக்கடைல எனக்குத் தனி கிளாசு வச்சிகினு கீறான். ஒங்கள எவனாச்சும் இன்னா ஜாதின்னு கேட்டானா?"

யாரும் கேட்டதில்லை. கேட்காமலே நாற்காலி போட்டார்கள். இத்தனை படித்தும் இது அவருக்கு உறைத்ததில்லை.

அங்கேயே வேறு கடிதம் எழுதி, ஜாதியைக் குறிப்பிட்டு, சபை முத்திரையும் குத்தினார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் ரயிலேறினார். காலியாக இருந்த பெட்டியிலும் உட்காரவில்லை. கடிதத்தை நிதானமாகப் படித்த விடுதிக் காப்பாளர், "நேத்தே ரெண்டு சீட்டும் ஃபுல் ஆயிடுச்சு பாஸ்டர்" என்றார்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் தாயும் மகளும் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். செந்தாமரை தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். சின்னப்பொண்ணு கேட்டாள்:

"ஒங்க படிப்பு எப்ப ஐயா முடியும்?"

அவள் குத்திக்காட்டவில்லை. மகள் படிப்புதான் நின்றுபோயிற்று, ஐயாவுடையதாவது நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.