இரண்டு நிமிஷத்தில் அம்மா

பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றியே பேசக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பிழைப்புதான், தி. நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அதை நான் இரண்டு வருஷம் செய்தேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களை நேர்காணலுக்குத் தயார்படுத்தும் வேலை. உங்கள் வீட்டிலிருந்து யாராவது அப்படிப் போயிருந்தால் நீங்களும் வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஆடிட்டர் மகன்

மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவர் மகனோடு வந்தார். மாதிரி நேர்காணலில் தானும் உட்காருவேன் என்றார். பிடித்த புத்தகம் எது என்று பையனைக் கேட்டேன். அப்பா பதில் சொன்னார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றேன், அதற்கும் அவரே. மூன்றாவது கேள்விக்கு முன்னால் அவரை வெளியே உட்காரச் சொன்னேன். பையன் ஐந்து நிமிஷம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆத்துல எல்லாத்தையும் கரெக்டா சொல்றாம்மா. வெளில யாராவது கேட்டாத்தான் பயந்துண்டு நிக்கறான்."

எழுதப் போகிறவர்

கோமதியும் அப்பாவோடுதான் வந்தாள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகரிலேயே பாத்திரக் கடை, வீடு அசோக் நகரில். நேர்காணல் எடுப்பது யார் என்று கேட்டார். அதே கல்லூரியில் முன்பு படித்தவர், இப்போது சென்னையில் வேலை பார்க்கிறவர், ஏதாவது காபிக் கடையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசுவார், பிறகு தான் பார்த்ததைக் கல்லூரிக்கு எழுதி அனுப்புவார் என்று விளக்கினேன். இதற்காக அவருக்குக் கல்லூரி எதுவும் தருவதில்லை என்றும் சொன்னேன்.

அவர் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்போ சம்பளம் வாங்காத ஒருத்தரு, ஒரு காபி குடிச்சிட்டு, எம் பிள்ளை தலையெழுத்த எழுதப் போறாரு. அப்படித்தான மேடம்?"

ஒன்று ஐம்பது

'உன் வாழ்க்கையில் கஷ்டமான காலம் எது?' என்ற கேள்வி கட்டாயம் வரும். கோமதி தயங்கித் தயங்கி அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பள்ளி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் அம்மா ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, கரையட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று கையைக் காட்டுவாராம். இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை அழுதாள். எட்டு நிமிஷம் ஆயிற்று.

இதுதான் நம்முடைய பதில் என்று முடிவு செய்தேன். இரண்டு நிமிஷத்துக்குள் வர வேண்டும். ஐஸ்கட்டியை எடுத்துவிடச் சொன்னேன். அம்மாவின் கோபத்தையும், கடைசி மாதம் இருவரும் போட்ட சண்டையையும் எடுக்கச் சொன்னேன். 'அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஒன்பதாவது முறை எங்கும் தடுமாறாமல், கண் கலங்காமல் சொன்னாள். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. நான் கை தட்டினேன். பக்கத்து மேஜை பிரகாஷ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "செமபா! இதக் கேட்டுட்டு அந்தாளு அழலன்னா நான் என் பேர மாத்திக்கிறேன்."

சனிக்கிழமை

நேர்காணலுக்கு முந்தின நாள், கடைசி ஒத்திகை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கோமதி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மறந்துவிட்டதா என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். குறிப்புத்தாளை அவள் பக்கம் தள்ளினேன். அதை எடுக்கவில்லை.

"அக்கா, வீட்டுல அம்மாவ நெனச்சா இப்பல்லாம் இதுதான் வருது. நீங்க எழுதிக் கொடுத்தது. வேற எதுவும் வர மாட்டேங்குது."

அடையாறு

அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன். சொல்லாதே என்றேன். அப்படியானால் என்ன சொல்வது என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பிள்ளையைப் பதில் இல்லாமல் அனுப்பியது அன்றைக்குத்தான்.

நடந்ததை அவளே பிறகு சொன்னாள். அடையாறில் ஒரு காபிக் கடையில் நேர்காணல்; எடுத்தவர் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும். எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். ஒன்று இருக்கிறது, ஆனால் அதை இன்றைக்குச் சொல்ல விரும்பவில்லை என்று கோமதி இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். சொன்னதுமே, எல்லாம் போச்சு என்று நினைத்தாளாம். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த அந்தம்மா தமிழுக்கு மாறினார்: "பரவால்லம்மா. கேக்கணும்னு ஃபார்ம்ல போட்டிருக்கு, அதான் கேட்டேன்."

பாலம் தாண்டி

அதன் பிறகு இருவரும் அப்பாவின் பாத்திரக் கடையைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்களாம். ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. மார்ச்சில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது: வருந்துகிறோம். காரணம் எதுவும் எழுதவில்லை. அவர்கள் எழுதுவதும் இல்லை. என்னால்தான் என்று நான் தூங்காமல் கிடந்தேன். கோமதி நந்தனத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சேர்ந்தாள்.

ஜூனில் அவள் அப்பா மாடி ஏறி வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உட்காருங்கள் என்று கையமர்த்திவிட்டு, அவர் நின்றுகொண்டே பேசினார்.

"பேட்டி முடிஞ்சு அடையாறுலேருந்து வரும்போது, சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி வண்டிய ஓரமா நிறுத்தச் சொன்னா மேடம். அவ அம்மாவப் பத்தி அங்கனயே நின்னு பேசுனோம். நான் கடையில இருந்தப்போ ஆஸ்பத்திரில என்னென்ன நடந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

பிள்ளைகளைப் பேச வைப்பதற்கு எங்கள் தொழிலில் ஆயிரம் வழி வைத்திருக்கிறோம். நாம் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் இன்னும் பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கவில்லை.