அடுத்த அறையில் ஒரு பட்டப்படிப்பு

நபீலா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சாய்ந்தமருதில் ஒரே வீட்டில்தான். உம்மா சீதனமாகக் கொடுத்த வீடு. நற்பிட்டிமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்து அதில் குடியேறியவர் ஆதம்லெவ்வை. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சுனாமியில் கடல் வந்த வருஷம் முகாமில் இருந்ததையும் விட்டால், அவள் வேறு கூரையின் கீழ் தூங்கியதில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. அந்தக் கரையில் பெண்களின் வாழ்க்கை அப்படித்தான். மாப்பிள்ளை வருவான், பெண் இருப்பாள்.

ஆதம்லெவ்வை உயிர் பிரிந்து மௌத்தானது ஓர் அஸர் தொழுகை நேரம், முன் அறைக் கதிரையில். தேத்தண்ணி வேணுமா என்று அவள் குசினியிலிருந்து கேட்டாள். பதில் இல்லை. காலையில் மீன் வாங்கியதில் ஒரு சின்ன வாக்குவாதம். கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள். தேங்காய் துருவி முடித்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பதில் வராத ஒரு நிமிஷத்தை அவளால் தாங்க முடியவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவுக்காக உள்ளறைக்குள் போனவள், அடிக்கடி "அஸ்னா" என்பாள். "ஓம் உம்மா" என்று வரும். அது போதும். அழைத்ததற்கு வேறு காரணம் இராது.

அஸ்னா இளையவள். வாப்பாவுக்குக் கத்தம் ஓதிய வாரத்தில்தான் தூரத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கத் தெரிவாகியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மூத்தவன் றுமைஸ் மருதமுனையில், மனைவி வீட்டில் இருக்கிறான். ஆஸ்பத்திரிக் கருவிகள் திருத்துகிறவன். வேலையோடு வேலையாக ஒன்லைனில் பட்டம் எடுத்தவன். அவன் ஒரு வழி கொண்டுவந்தான்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒன்லைன் பட்டப்படிப்பு.

"கம்பஸ்ல ஸ்ட்ரைக், ராகிங். நாலு வருஷம் ஆறு வருஷமாகும். இது அடுத்த அறைக்குள்ள இருந்து படிக்கிற படிப்பு. உம்மாவும் தனிச்சுப் போகமாட்டா."

"நானா, நீங்க மச்சிட ஊட்ட இருந்து படிச்சீங்க" என்றாள் அஸ்னா அண்ணனிடம்.

"அதுக்கென்ன?"

"மாப்புள கதவச் சாத்தினா அந்த ஊட்டப் பூனையும் கத்தாது. தேத்தண்ணி கதவடிக்கு வரும். இது உம்மாட ஊடு. இஞ்ச நான் மகள்."

நபீலாவின் தங்கை சிபானா சிரித்துவிட்டாள். "கேட்டியா றுமைஸ்? உன்ட பட்டத்துல பாதி உன்ட மாமிக்காம்!"

"பகிடி உடாதீங்க சாச்சி. சர்டிபிகேட் சர்டிபிகேட்தான். எனக்கு அதாலதான் ப்ரமோஷன் கிடைச்ச."

"நீங்க மெஷினத் தொட்டுக்கிட்டே படிச்சீங்க. நான் எதத் தொடுற? திரையவா?"

றுமைஸ் உம்மாவைப் பார்த்தான். அஸ்னாவும் பார்த்தாள். நபீலா வாய் திறக்கவில்லை. பேசாமலிருந்தால் மகள் போகாமல் நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் பேசவில்லை.

பேராதனைப் பதிவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒன்லைன் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை வந்தது. றுமைஸ் கணினியையும் கமராவையும் பொருத்தி, விதிகளைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அறையில் வேறு ஆள் தெரியக்கூடாது. எழுதுகிறவர் வாய் திறக்கக்கூடாது.

சிபானா வாசலில் கதிரை போட்டு இருந்து, துக்கம் விசாரிக்க, இத்தா பார்க்க வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினாள். "மையத்து ஊட்டுக்கும் இப்ப டிக்கட் வெட்டுறீங்களா, புள்ள?" என்று கேட்டுவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி.

உள்ளறையில் நபீலா தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் கதிரைகூட அசையவில்லை. பரீட்சை, அதனால்தான் சத்தமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் போன அன்றும் காரணம் தெரிந்துதான் இருந்தது: கோபம்.

"அஸ்னா" என்றாள் மெதுவாக.

பிறகு உரக்க.

மகளுக்குக் கேட்டது. தலையைத் திருப்பவில்லை, திருப்பக்கூடாது. நபீலா தலையில் துணியில்லாமல் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் சூடாக இருந்தது. அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். மூலையில் ஓர் ஆண். கண்காணிப்பாளர். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாவில் மச்சான்மாருக்குக்கூட முகம் காட்டாதவள் அவள்.

பரீட்சை நிறுத்தப்பட்டதாகத் திரை சொன்னது.

அஸ்னா கணினியை மூடினாள். தன் தாவணியை எடுத்து உம்மாவின் தலையில் போட்டாள். "பரவால்ல உம்மா. இன்னொருக்கா எழுதலாம்." ஏசியிருந்தால் நபீலாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து வந்த றுமைஸ் பரீட்சை நடத்துகிறவர்களோடு தொலைபேசியில் கதைத்தான். விளக்கம் எழுதி அனுப்பினால் மறுபடி எழுதலாமாம். "அடுத்த முறைக்கு உம்மா கொஞ்ச நேரம் சாச்சிட ஊட்ட..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். இத்தா இருப்பவள் வீட்டைவிட்டு எங்கே போவது?

"அடுத்த முறையும் கூப்புடுவன், மகன்" என்றாள் நபீலா. "படிச்சு முடியுமட்டும் கூப்புடுவன். நீ அவளப் பேராதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

"இத்தா முடியட்டும் உம்மா."

"அதுக்குள்ள பதிவு முடிஞ்சிரும்."

"உங்களோட ஆரு இருக்கிற?"

நபீலா தங்கையைப் பார்த்தாள். சிபானாவின் மகள் நிறைமாதம். "பகலைக்கு வருவன் ராத்தா" என்றாள் சிபானா. இரவைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. இத்தா முடிந்த பிறகாவது உம்மாவைத் தன்னோடு மருதமுனைக்கு அழைக்க றுமைஸுக்கும் வாய் வரவில்லை. அது அவன் வீடல்ல.

"நான் போகல்ல உம்மா" என்றாள் அஸ்னா. வாய்தான் அப்படிச் சொன்னது. முகத்தை மறைக்க அவளுக்கு நேரம் போதவில்லை. வாப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் யார் முகத்திலும் இல்லாத வெளிச்சம் ஒன்று அதில் ஏறி, அவசரமாக இறங்கியது. நபீலா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"உடுப்ப எடுத்து வை, புள்ள."

றுமைஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தொடங்கினான். நபீலா உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தான் அழுவதைக் கண்டால் மகள் நின்றுவிடுவாள்.